இரண்டு அங்குலம்

எங்கள் வீட்டை விற்றால் வரும் தொகைக்கு
கோபன்ஹேகனில் ஒரு நாற்காலி ஏலம் போயிருக்கிறது.
புதுச்சேரியிலிருந்து மகன் படம் அனுப்பினான்,
வேலை நேரத்தில்.
தேக்கு. பிரம்புப் பின்னல். கடலூர், 1958.
கீழே பொடி எழுத்தில் ஒரு குறை:
கால்கள் நான்கும் பின்னாளில் யாராலோ அறுக்கப்பட்டுள்ளன.

யாராலோ இல்லை.

ஐனார் லின்ட்வெத். அவரே.
அப்பா படகுத்துறையில் நாற்பது வருடம்
நின்றபடியே சீட்டுக் கிழித்தவர்.
மகனுக்கு உட்காருவதைப் பற்றி யோசித்தே தலை நரைத்தது.
முதுகு எந்த இடத்தில் வளையும்,
முழங்கை எப்போது சலிக்கும்,
கெட்ட செய்தி கேட்கிறவன் கை
எதைப் பிடித்துக்கொள்ளும்.
அதற்கென்றே கைப்பிடி முனையில் ஓர் உருண்டை வைத்தார்.
பத்திரிகைகள் அதை அலங்காரம் என்றன.

மிஷன் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு ஆறு நாற்காலி கேட்டிருந்தார்கள்.
முதலில் வரைபடம் வந்தது, நாற்காலி ஆனது.
பிறகு ஆளே வந்தார், கழுத்தெல்லாம் வேர்க்குரு.
என் மாமனார் அங்கே கம்பவுண்டர்.
அவர் சொன்னதை என் வீட்டுக்காரர் சொல்லி
நான் சொல்கிறேன்,
கூடக் குறைய இருக்கும்.

முதலில் உட்கார்ந்தது சோனாங்குப்பத்து அஞ்சலாட்சி.
காதுவலி. மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்தவள்.
கால் தரைக்கு எட்டவில்லை.
இரண்டு முறை ஆட்டிப் பார்த்தாள்.
"இன்னாய்யா, என்னத் தொட்டில்ல போட்டுட்ட?"
காலைத் தூக்கி மேலே மடக்கினாள்,
முட்டி அந்த உருண்டையில் இடித்தது.
இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.
அவளைப் பார்த்து
வரிசையே இறங்கியது.

வெள்ளைக்காரர் கொஞ்ச நேரம் நின்றார்.
அப்புறம் அவரும் தரையில் உட்கார்ந்தார், டேப்போடு.
முட்டிக்குப் பின்னாலிருந்து குதிகால் வரை
மூன்று நாளில் நூற்றுப் பதினோரு பேர்.
பெண்களுக்கு நர்ஸ் ரெபேக்காள் நூல் பிடித்து
முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.
பித்தவெடிப்பு, ஆனைக்கால்,
கட்டைவிரல் இல்லாத துறைமுகக் கூலி ஒருவர்,
எல்லாம் நோட்டில் ஏறியது.
கூட்டி வகுத்ததில் சராசரி ஒன்று வந்தது.
அதை அடித்துவிட்டு
அஞ்சலாட்சியின் அளவை எழுதினாராம்.

ரம்பம் பிடித்ததும் அவர்தான்.
கீழே போகப்போக விரியும் கால்கள்.
தரைக்கு மட்டமாக அறுத்தால்
துண்டு சாய்ந்தேதான் நிற்கும்,
விழாது.

ஊருக்குப் போய் அவர் செய்ததெல்லாம் தாழ்ந்த நாற்காலிகள்.
ஜப்பானியத் தாக்கம்
என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி பழைய சாமான்களைக் கழித்தபோது
ஆறையும் எண்ணூறு ரூபாய்க்கு எடுத்துப்போனவன்
டெம்போவில் சிரித்துக்கொண்டே ஏற்றினான்.
அறுத்த இருபத்து நான்கு துண்டுகளையும்
மாமனார் அன்றைக்கே மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார்,
வெந்நீர் அடுப்புக்கென்று.
தேக்காச்சே, எரிக்க மனசு வரவில்லை.
கதவுக்கு முட்டுக் கொடுத்தோம்.
பிள்ளைகள் கிரிக்கெட்டுக்கு ஸ்டம்ப் வைத்தார்கள்.
தானே புயலில் எத்தனை போனதோ.
மிச்சம் நான்கு,
பிரிட்ஜுக்கு அடியில்.

ரெண்டாயிரத்துப் பதினைந்தில்
கெடிலம் ஹாலுக்குள் வந்தது.
கட்டில்மேல் நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன்.
துண்டின் தலைக்கு ஒரு விரற்கடை கீழே
தண்ணீர் நின்றுவிட்டது.
இத்தனைக்கும் அதை யாரும் அளந்து அறுக்கவில்லை.

மகன் இன்று மறுபடி கூப்பிட்டான்.
அந்தத் துண்டுகள் இருந்தால்
நாற்காலிக்கு இன்னும் விலை ஏறுமாம்,
வாங்கினவர் கேட்கிறாராம்,
கூரியர் செலவு அவருடையதாம்.

ஐப்பசி.
வங்கக் கடலில் ஏதோ சுழல்கிறது என்று டிவியில் சொல்கிறான்.
மழை முடியட்டும்டா, பார்க்கலாம்
என்றேன்.