பதினேழாவது கையெழுத்து

குன்னூர் பஸ் நிலையத்தில் சாரல்.
‘அந்நியப் படையே வெளியேறு’
அட்டையில் முதல் சொல் மட்டும் கரைந்து
மீதி நிற்கிறது,
பட்டாளத்து ஊரில்.

பாக்தாத் எங்கே, பர்லியார் எங்கே
என்று கேட்டுவிட்டு
வர்க்கி வாங்கப் போனார் ஒருவர்.
நியாயம்தான். என்னிடம் பதில் இல்லை.
நாலு மணிக்குள் பதினாறு பெயர்.
இரண்டு எங்கள் வீட்டார்.

கேரட் மூட்டையை இறக்கி வைத்து
எழுத்துக்கூட்டிப் படித்தார் ஹாலன்,
பழைய ஹவில்தார்.
திட்டப்போகிறார் என நோட்டை மூடினேன்.

“வவுனியா பக்கம் ஒரு வாசலில்
எட்டு மாசம் நின்றேன்.
காவல் என்றுதான் அனுப்பினார்கள்.
கிணற்றடிக்குப் போக
அந்த வீட்டுக்காரி கை தூக்கிக் காட்டணும்,
நான் தலையசைக்கணும்.
அவள் கிணறு. அவள் வாளி.
ஒருநாள் அசைக்க மறந்துபோனேன்.
வெயில் உச்சிக்கு ஏறும்வரை
தூக்கின கையோடு நின்றாள்.”

பட்டாள எண்ணோடு முழுப்பெயர் எழுதினார்.
ஈரத்தில் மை பரவியது.
அதன்மேலேயே
இன்னொருமுறை அழுத்தி எழுதினார்.

கோத்தகிரி வண்டி வந்துவிட்டது.
மூட்டைக்கு ஒரு பக்கம் நான் பிடித்தேன்.
நல்ல கனம்.