ஒரு தட்டில் இருவர்

மோன்டேவிடியோ ஞாயிற்றுச் சந்தையில்
பறவைக் கூண்டுகளுக்கும் துருப்பிடித்த சாவிகளுக்கும் நடுவே
ஆளுக்குப் பாதி பணம் போட்டு வாங்கினோம்
மூடியில் கீறல் விழுந்த அந்த மடிக்கணினியை,
நானும் தம்பி வால்தெமாரும்.

ஐந்நூறு ஜிபி என்றான் விற்றவன்.
வீட்டில் திறந்தால் நானூற்று அறுபத்தைந்து.
எடையில் அடித்துவிட்டான் என்று குதித்தான் தம்பி.
எல்லாத் தட்டும் அப்படித்தானடா.

அவனுக்கு விண்டோஸ்.
இறைச்சிக் கிடங்கின் கணக்கு வேறெதிலும் ஓடாது.
எனக்கு லினக்ஸ்.
ஆறு எங்கே முடிந்து உப்பு எங்கே தொடங்குகிறது என்று
மூன்று வருடமாகக் கோடு வரைந்துகொண்டிருக்கிறேன்.
தெற்கே காற்றடித்தால் என் கோடு
கரையோரமாய் மேலேறும்,
மழை பெய்தால் இறங்கிப் போகும்.

தட்டில் போட்ட கோடு அப்படியல்ல.
அவனை இடப்பக்கம் ஒதுக்கி,
சுருக்கு என்று அழுத்திவிட்டு
நாற்பது நிமிடம் மூச்சுவிடாமல் இருந்தோம்.
நடுவில் மின்சாரம் போனால்
இருவருக்கும் இல்லை.

பிறகு மூன்றாவதாக ஒரு துண்டு,
இருவருக்கும் வாசிக்கத் தெரிந்த பழைய வடிவத்தில்.
'சமையலறை' என்று பெயர் வைத்தான்.

இயக்கினால் பட்டியல் வரும். பத்து நொடி.
ஒன்றும் அழுத்தாவிட்டால் நான்.
பட்டியலை எழுதியவள் நானல்லவா!

மே மாதம் அவன் பக்கம் எதையோ புதுப்பித்துக்கொண்டது.
மறுநாள் பட்டியலே இல்லை.
நேராக அவன் ஜன்னல், அவன் நீலம்.
நான் அழியவில்லை,
அழைக்க ஆளில்லை, அவ்வளவுதான்.
ஒரு யுஎஸ்பி குச்சியோடு
விடிய விடிய என் பெயரை நானே எழுதிச் சேர்த்தேன்.

அதைவிட மோசம் ஒரு வியாழக்கிழமை.
நூற்று எழுபத்தைந்தாம் எண் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன்.
தொலைபேசியில் தம்பி:
"இவோன், இது கேட்கிறது,
இந்தப் பகுதியில் ஒன்றுமில்லை,
வடிவமைக்கட்டுமா என்று.
ஆம் சொல்லவா?"

மூன்று வருட ஆறு.
பக்கத்து அறைக்காரனுக்கு அது வெற்று நிலம்.
பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.
"சரி, சரி," என்றான்,
"தெரியாததால்தானே கேட்டேன்."

அது கேட்டதே,
அவனும் கேட்டானே
என்று பின்னால்தான் தோன்றியது.

இன்னும் ஒன்று சரியாகவில்லை.
சுவரில் இருப்பதுபோல் மணி பார்ப்பவன் அவன்,
லண்டன் நேரத்தை வாங்கிக் கழிப்பவள் நான்.
ஒருவர் எழுந்துபோன நாற்காலியில்
மற்றவர் உட்கார்ந்தால்
மூன்று மணி நேரம் இடறுகிறது.
ஒரு வரியில் திருத்திவிடலாம். திருத்தவில்லை.

இன்று இரவு எட்டுக்குச் சமையலறையைத் திறந்தேன்.
புதிதாக ஒரு கோப்பு.
எழுதிய நேரம்: இன்று, பத்தே முக்கால்.

இனிமேல்தான் வரப்போகும் அந்த மணியிலிருந்து
தம்பி எழுதியிருக்கிறான்:
சர்க்கரை. சோப்பு.
மின்கட்டணம் உன் முறை.