பதினொன்றும் பதினேழும்

கட்டபெட்டு ஓடைமேல் நடைபாலம்.
அதே எஃகு, அதே சுமை, அதே நான்.
ஒரு மென்பொருள் சொல்கிறது
நடுவில் பதினொரு மில்லிமீட்டர் தொய்யும் என்று.
இன்னொன்று, பதினேழு.

கோத்தகிரி லாட்ஜில்
கம்பளிக்குள் மடிக்கணினியோடு
வலையை நறுக்கினேன், இன்னும் பொடியாக,
இன்னும்.
பதினொன்று பதினொன்றரை ஆனது.
பதினேழு அசையவே இல்லை.

விடியும்போதுதான் கண்ணில் பட்டது
நான் நிரப்பாமல் விட்ட கட்டம்:
பாலத்தின் கால் எப்படி நிற்கிறது?
ஒன்று, பாறையில் இறுகியதாக எடுத்துக்கொண்டது.
மற்றது, கதவுக் கீல்போலத் திரும்பும் என்று.
நான் வாய் திறக்கவில்லை.
அவையாகவே முடிவுசெய்துவிட்டன.

மூடுபனியில் இறங்கிப் போனேன்.
பெள்ளி ஸ்பானரோடு குந்தியிருந்தான்.
"இந்தப் பக்கம் ஓட்டை சேரல மேடம்,
நாலு போல்ட்டுல ரெண்டுதான் முறுக்கியிருக்கு.
அந்தப் பக்கம் மழையில மண்ணு
கொழகொழன்னு கிடக்கு."

குறித்துக்கொண்டேன்.
இறுகியது, கீல்:
தேர்ந்தெடுக்க இரண்டே சொற்கள் அங்கே.
பாதி முறுக்கிய போல்ட்டை
எதில் எழுதுவது?

தடுப்புக் கயிற்றைத் தூக்கிவிட்டு,
தேயிலை மூட்டையோடு ஒருத்தி
பாதிப் பாலம் வந்துவிட்டாள்.
கத்த வாயெடுத்தேன்.
கைப்பிடிக் கம்பியில் இருந்த என் கைக்கு
அவள் நடை தெரிந்தது.