நான்காம் கேள்விக்கு மூன்று கோடு

மணிலாவிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
பெயர்: ஆர்னுல்ஃபோ மொன்டெக்ளாரோ.
பணி: பயிற்றுநர், கப்பல் செலுத்துதல்.
கடைசியாகக் கடலில் இருந்தது:
ஒன்பது ஆண்டு நான்கு மாதம் முன்பு.
இதுவரை எளிது.

நான்காம் கேள்வி:
உங்களுக்கு என்ன பயிற்சி தேவை?
பதிலுக்கு மூன்று கோடு.
மூன்றாவது, தாளின் விளிம்பில் முட்டிப்
பாதியில் நிற்கிறது.

வெளியே இலோயிலோ நனைகிறது.
குய்மாராஸ் தீவுக்குப் போகும் பம்ப் படகுகளை
நண்பகலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பட்டமளிப்பு விழாவில் என்னைக்
'கரை கண்டவர்' என்றார்கள்.
பொய்யில்லை.
ஒன்பது வருடமாய்க் கரையைத்தான்
கண்டுகொண்டிருக்கிறேன்.

என் கடைசிக் கப்பலில் காகித வரைபடம்.
ஞாயிறுதோறும் திருத்தங்களை வெட்டி ஒட்டுவேன்,
விரலில் திங்கள்வரை பசை.
இப்போது மின் வரைபடம் கற்பிக்கிறேன்,
ஒரு திரையின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு.
மார்ச்சில், எண்ணெய்க் கப்பலில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்த பையன்
ஓசை வராமல் கதவைச் சாத்துகிறவன்போல் சொன்னான்:
"சார், அந்தப் பொத்தான் இப்போது அங்கே இல்லை."
இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
நாற்பத்திரண்டு பேர்
நினைத்துக்கொண்டார்கள்.

முதல் கோட்டில் எழுதினேன்: இரண்டு மாதம், ஒரு கப்பல்.
கம்பெனிகளின் பதில் எனக்குத் தெரியும்:
கட்டில் இல்லை, காப்பீடு இல்லை,
வேலை செய்யாமல் வேடிக்கை பார்க்க வருகிறவருக்கு
யார் சோறு போடுவது?
அடிக்கவில்லை. இருக்கட்டும்.

இரண்டாம் கோடு கடினம்.
மேல்தளத்தில் நான் கட்டளையிட்டால்
சுக்கான் பிடிப்பவன் திருப்பிச் சொல்வான்.
ஆனால் நான் அவன் வாயை நம்பியதில்லை.
தலைக்கு மேலே ஒரு முள் உண்டு,
சுக்கான் எவ்வளவு திரும்பியது என்று காட்டும்.
வகுப்பிலும் திருப்பிச் சொல்கிறார்கள்,
ஒரே குரலில், அழகாக.
முள் எங்கே?
அதை எங்கே பார்ப்பது என்று
யாரும் எனக்குக் கற்பிக்கவில்லை.
கடலை விட்டு இறங்கிய திங்கட்கிழமை
ஒரு சாக்பீஸ் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு டெல்ஃபா சிமுலேட்டர் அறையைத் திறந்தாள்.
அந்த இயந்திரத்தை அவள் கற்றது மூன்று நாளில்,
மதிய உணவு நேரமும் சேர்த்து.
"இன்றைக்கு நீ ஓட்டு" என்றாள்,
கண்ணாடிக்கு அப்பால் போய் உட்கார்ந்தாள்.
மூடுபனி போட்டாள்.
ஒரு மீன்பிடிப் படகு போட்டாள்.
பிறகு, ஈவிரக்கமில்லாமல், சுக்கானை எடுத்துக்கொண்டாள்.

ஒன்பது மணி பதினொரு நிமிடம்: கப்பல் தரைதட்டியது.
அதன் மாலுமி தரைதட்டி
ஒன்பது வருடம் ஆகிறது,
அதை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

'ஏன் தட்டினாய்' என்று கேட்பாள் என நினைத்தேன்.
நான் அப்படித்தான் கேட்பேன்.
அவள் கேட்டாள்:
"அந்த நாற்பது நொடி எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?"

யோசித்தேன்.
படகை அல்ல. ஆழத்தை அல்ல.
எச்சரிக்கை மணியை எங்கே அணைப்பது என்று
தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இடம் மாறினோம்.
அவள் ஓட்டினாள், நான் பனி போட்டேன்,
அவளும் தட்டினாள், நான் கேட்டேன்.
"இப்படிக் கேட்டால் நான் பொய் சொல்வேன்" என்றாள்.
மறுபடி கேட்டேன்.
"இப்போது பாதிப் பொய்."

காவலாளி வந்து, பத்து மணிக்கு மேல்
மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்றார்.
மழை விடவில்லை.
டிரைசைக்கிள்காரன் இரட்டைக் கூலி கேட்டான்.
முழங்காலில் படிவத்தை வைத்து,
குலுங்கக் குலுங்க,
இரண்டாம் கோட்டில் எழுதினேன்: கேட்கக் கற்க வேண்டும்.
மிச்சமிருந்த அரைக் கோட்டில்:
ஏழு மணிக்குப் பிறகும்
அந்த அறையின் சாவி. இரண்டு.