சான்றுப்பொருள் எண் பதினேழு

அந்தச் சங்கிலி ரம்பத்தை எனக்கு முன்பே தெரியும்.
எட்டு இரவுகள் பெரணிக்குள் குப்புறப் படுத்து
அதன் குரலுக்குக் காத்திருந்தவள் நான்.
ஒன்பதாம் இரவு அது இருமியது.

வெர்ன் டாகெட் ஓடவில்லை.
"காப்பி கொண்டுவந்தாயா, ரோவீனா?" என்றான்.
சின்ன ஊர். அவன் தங்கை டார்லாதான்
எனக்கு முடி வெட்டுகிறவள்.
அவன் முதுகுக்குப் பின்னால்
ஆயிரத்து நானூறு வயது ரெட்வுட்,
அடிமரத்தில் கதவளவு காயம்,
உள்ளே சதைநிறத்தில் ஈரம்.
அறுத்தெடுத்த கழலை
யாரோ ஒருவர் வரவேற்பறையில்
மேசையாக நிற்கப் போயிருக்கும்.

ரம்பத்தைப் பையிலிட்டு முத்திரை வைத்தேன்.
பல்லிடுக்கில் சிவப்புத் தூள்,
அது போதும் வழக்குக்கு.
திங்கட்கிழமை ஆய்வகம் திறக்கும்.

கலிஃபோர்னியாவின் இந்த வடகோடியில்
மூடுபனிதான் எங்களுக்குப் பாதி மழை.
அது வராத பதினோராம் நாள்
மழையில்லாத மின்னல் இறங்கியது.
சனிக்கிழமை எல்லா ஆட்களும் எல்லா ரம்பங்களும்
வடக்கு முகட்டுக்குப் போயின.
ஞாயிறு மதியம் காற்று திரும்பியது.

ஆல்டர் ஓடை முகாம், நாற்பத்தொரு பேர்,
அனுப்ப நான் ஒருத்தி.
செருப்பில்லாமல் வந்த ஒருவர் கேட்டார்,
"இரண்டு இரவுக்குக் கட்டியிருக்கிறேன்,
பணம் திரும்ப வருமா?"
ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்,
கழுவி, துடைத்து, அடுக்கிவிட்டுத்தான் வந்தாள்.
ஆக்ஸிஜன் உருளையோடு ஒரு கிழவர்,
முள் கால்வாசியில்.

மூன்றாவது வளைவில்
பாதைக்குக் குறுக்கே கிடந்தது ஒரு ஃபிர் மரம்.
பின்கண்ணாடியில்
பட்டப்பகலுக்கு இருட்டிவிட்டிருந்தது.

ரேடியோவில் எமெட்:
"ரம்பம் வந்து சேர நாற்பது நிமிடம்."
நான் பதில் சொல்லவில்லை.
என் வண்டியின் பின்னிருக்கையைப் பார்த்தேன்.

பையின் மேல் அச்சிட்டிருந்தது:
பிரித்தால் தேதி, நேரம், காரணம் எழுதுக.
எழுதினேன்.
ஞாயிறு. 3.12. மரம்.

மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.
நன்றாகத்தான் வைத்திருந்தான் திருடன்,
ஒவ்வொரு பல்லும் அரம் போட்டுத் தீட்டியது.
வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.
சிவப்பின் மேல் வெளிறிய தூள் பறந்து படிந்தது.
என் வழக்கு என் முழங்கைமேல் படிவதை
பார்த்துக்கொண்டே அறுத்தேன்.

பத்தொன்பது வண்டிகள்.
ஒவ்வொன்றின் கூரையையும் தட்டி எண்ணினேன்.
பணம் கேட்டவர் கையசைத்தார்.
கடைசி வண்டியின் சக்கரம் தாண்டியதும்
கட்டை உருண்டது, பின்னால் தீயின் ஓசை,
சரக்கு ரயில் என்று சொல்வார்கள்,
எனக்கு அது
யாரோ பெரிய துணியைக் கிழித்துக்கொண்டே
வருவதுபோல் இருந்தது.

நீதிமன்றத்தில் அவன் வக்கீல்
ஒரே கேள்விதான் கேட்டார்.
"இந்தப் பற்களில் இப்போது எந்த மரம் இருக்கிறது?"
"இரண்டும்," என்றேன்.
காயம்பட்ட மரத்தைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற வழியில்லை.
பதினோரு மணிக்குள் முடிந்துவிட்டது.

அக்டோபரில் வந்தான், ரம்பத்தைக் கேட்டு.
படிவத்தை நகர்த்தினேன்.
சங்கிலியில் கட்டைவிரலை ஓட்டினான்,
முகம் சுளித்தான்.
"கல்லில் இடித்திருக்கிறாய்."
"மண்ணில். கடைசி வெட்டு அவசரம்."
"எத்தனை பேர்?"
"நாற்பத்தொன்று."
வேறெதுவும் சொல்லாமல் கையெழுத்திட்டான்.
வாசலில் நின்று,
"முடி நீண்டுவிட்டது உனக்கு,
டார்லா கேட்டாள்," என்றான்.

அன்றிரவு பெரணிக்குள் போனேன்.
ஓரங்கள் கருகி, நடுவில் பச்சை சுருண்டிருந்தது.
அந்தப் பல்லைத் தீட்ட
அவனுக்கு ஒரு நாள் போதும்.
தெர்மாஸ் குடுவையில் காப்பி இருந்தது,
ஒருத்திக்குத் தேவையானதைவிடக்
கொஞ்சம் அதிகமாக.