முழங்கை

சத்தியக் கடதாசியோடு இணைத்த நாலாவது படம்
கறுப்பு வெள்ளையில் வந்திருந்தது.
கிளிநொச்சி நீதிமன்றுக்கு எதிர்க்கடையில்
பக்கம் இருபது ரூபாய்க்கு அடித்த பிரதி.
என் மஞ்சள் சட்டை அதில் சாம்பல்.
இரணைமடுத் தண்ணீரும் சாம்பல்.
வான்கதவு திறந்த நாள்.
பின்னால் நுரை, கையில் ஐஸ்பழம்,
வாய் கொள்ளாத சிரிப்பு.
இடது ஓரத்தில்
யாரோ ஓர் ஆணின் முழங்கை.

முழங்கையைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம்.
'எதிராளி பிறிதோர் ஆணுடன்
பொது இடத்தில் உல்லாசமாக இருந்தமை'
என்கிறது பத்தி பதினொன்று.
உல்லாசம் என்ற சொல்லை அதுவரை நான்
சுற்றுலா பஸ்களின் நெற்றியில்தான் கண்டிருந்தேன்.

'இனி ஒன்றும் போடாதேங்கோ' என்றார்
என் சட்டத்தரணி கோகிலதேவி.
'போட்டதை அழிக்கவும் வேண்டாம்,
அழிச்சால் ஏன் அழிச்சனீங்கள் எண்டு கேட்பினம்.
பாட்டு வரி வேண்டாம். சாமிப் படமும் வேண்டாம்.
சாமிப் படத்துக்குக் கீழதான்
என்ன நடந்தது தங்கச்சி எண்டு
ஆக்கள் கூட வருவினம்.'

வற்றாப்பளைப் பொங்கலோடு என் பக்கம் நின்றுவிட்டது.
ஆடியில், ஸ்கார்பரோவிலிருந்து மச்சாள் எழுதினாள்:
'உயிரோடதானோ?'
இந்தப் பக்கத்தில் அந்தக் கேள்வியை
விளையாட்டுக்கும் ஒருவரும் கேட்பதில்லை.
அவள் போய் இருபத்தைந்து வருடம், மறந்திருப்பாள்.

ஆரபிக்குப் புலமைப்பரிசிலில் நூற்று ஐம்பத்தொன்று.
'எல்லாற்ற அம்மாவும் போட்டிட்டினம்.
போடுங்கோம்மா, அப்பா பார்ப்பார்.'
பெறுபேற்றுத் தாளைக் கொப்பிக்குள் வைத்து
ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்
கையில் குடு என்றேன்.
கொடுத்தாளாம்.
அவர் அதைப் போனில் படம் எடுத்தாராம்.
போடவில்லை. நான் பார்த்தேன்.
அவருக்கும் ஒரு சட்டத்தரணி இருக்கிறார்.

இரவு ஒன்றேகால்.
தவசீலன் என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.
என் பெயருக்குப் பக்கத்திலும் அவருக்கு அது தெரியும்.
ஆறு கட்டை தூரத்தில்
இரண்டு பேர் நித்திரை இல்லாமல் கிடக்கிறோம்.
இதை மட்டும் ஒருவரும் பிரதி எடுக்கவில்லை.

அன்றுதான் அந்தப் படத்தை
இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன்.
மூலப் படம், நிறத்தோடு.
முழங்கைக்குக் கீழே
புளியங்கொட்டை அளவில் ஒரு தழும்பு.
மாத்தளனில் பட்ட சன்னம்.
மழைக்கு முதல்நாளே உளையத் தொடங்கும்.
எத்தனை மாரிக்கு அதில்
சித்தாலேப தேய்த்தது இந்தக் கை.

படம் ஏழு வருடம் பழையது.
'இதே நாளில்' என்று முகநூல் தானாக எடுத்து நீட்ட,
அரை நித்திரையில் பகிர்ந்திருக்கிறேன்.
எடுத்தது ஐஸ்பழக்காரன்.
படத்தில் நிற்கக் கூச்சம் அவருக்கு,
ஒதுங்கியும் முழங்கை அகப்பட்டுவிட்டது.
அது ஏன் மடிந்திருக்கிறது என்றால்
சட்டகத்துக்கு வெளியே
மூன்று வயது ஆரபி அதில் இருக்கிறாள்.

'அது உங்கட கை' என்று எழுதினேன்.
அனுப்பவில்லை.
பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாய் அழித்தேன்.
நான் எழுதுவதும் நிற்பதும்
அங்கே மூன்று புள்ளியாய்த் துடித்து
அடங்கியிருக்கும்.

தவணையன்று கோகிலதேவி அதைச் சொன்னார்,
மூலப் படத்தையும் திகதியையும் காட்டி.
நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பத்தி பதினொன்று நீங்கியது.
மற்றப் பத்திகள் இருக்கின்றன.
அடுத்த தவணை ஐப்பசி பதினாறு.

பஸ் வர நேரமிருந்தது.
போனை எடுத்து
மழை வருமா என்று மட்டும் பார்த்தேன்.
இல்லை என்றது.
ஏ-ஒன்பது வீதிக்கு அந்தப் பக்கம் அவர்,
முழுக்கைச் சட்டைக்கு மேலால்
முழங்கையைத் தேய்த்தபடி.

நான் குடையை வெளியே எடுத்தேன்.