வாதி தரப்புச் சான்றாவணம் 9

அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை கிடையாது.
ஆர்மீனியர்கள் இருந்தார்கள். நம் வாய்க்கு
அரண்மனைதான் வந்தது.
அந்தத் தெருவில், மாதா கோயில் தாண்டி,
என் ஜெராக்ஸ் கடை.

மண்ணடி வீடு ஒன்றின் பாகப்பிரிவினை,
பதினேழு வருஷமாக வாய்தா.
ஜூனியர் வக்கீல் ஒரு போட்டோவை நீட்டி
ஆறு செட் என்றார்.

1787. எண்ணெய்ச் சித்திரம்.
துபாஷி சிங்கண்ண முதலியும் குடும்பமும்.
வெள்ளைக்காரன் கை. அதனால்
தென்னை ஈச்சமரம் போல நிற்கிறது,
கருப்பர் பட்டணத்துக் கொல்லைக்குப் பின்னால்
எங்கிருந்தோ ஒரு மலை.
முதலி கையில் கடிதம்,
அரக்கு முத்திரை நம்மைப் பார்த்து.
மகனுக்கு மட்டும் பூட்ஸ். கடித்திருக்கும்,
விரலை உள்ளே மடக்கியிருப்பது
தோலில் தெரிகிறது.
ஒரே சோபாவில் இரண்டு அம்மாள்கள்,
நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம்.

வழக்கே அந்த இடைவெளிதான்.
வலப்பக்கத்துக் கனகாங்கி
தாலி கட்டியவளா, இல்லையா.
வாதி அவள் வழி வந்தவர்.
கழுத்தில் இருப்பது தாலியா அட்டிகையா என்று
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாயிற்று.
ஓவியன் அந்த இடத்தில்
மஞ்சளாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போயிருந்தான்.
சாப்பாட்டு நேரமாயிருக்கும்.

"கழுத்து நல்லாத் தெரியணும்மா."

வெளிச்சத்தைக் கூட்டினேன். ஒரு கட்டம். இன்னொன்று.
கழுத்து வெளுத்துப் போனது.
பின்னால், கதவிடுக்குக் கறுப்பிலிருந்து
ஒரு பெண் எழுந்து வந்தாள்.
ஒன்பது வயசு இருக்கும்.
கையில் விசிறி, பாதி வீச்சில் நிற்கிறது.
அசையாதே என்று சொல்லியிருப்பார்கள்.
அன்று அங்கே யாருக்கும் காற்று வந்திருக்காது.

"இது யார் சார்?"

பின்புறத்துப் பட்டியலைத் திருப்பினார்.
எட்டுப் பெயர், கிளியையும் சேர்த்து.
இவள் இல்லை.
"வாரிசு இல்ல, விடுங்க. கொறைங்க அத."

குறைத்தேன். கதவு சாத்திக்கொண்டது.
கழுத்து மறுபடி கழுத்தானது,
மஞ்சள் இருந்த இடம் சாம்பலாக,
தாலி என்றால் தாலி.
ஆறு செட், பன்னிரண்டு ரூபாய்.
சில்லறைக்காக நிற்காமல் ஓடினார்,
கோர்ட்டில் கூப்பிட்டுவிட்டார்களாம்.

கூட்டி எடுத்த அந்த ஒரு தாள்
வீணாய்ப் போனவற்றின் கட்டில் சேர்ந்தது.
மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
கைக்கு வந்த தாளை உருவி
விசிறிக்கொண்டேன்.
அதுதான் என்று நடுவில் பார்த்தேன்.
பார்த்த பிறகும் நிறுத்தவில்லை,
புழுக்கம் அப்படி.